வயிற்றோட்டத்துக்கு இரண்டு நாள்

அந்தக் கிழமை என் மனைவி தக்ஷாயினிக்கு வயிற்றோட்டமே இருக்கவில்லை. ஆனால் அவளுக்குக் கடுமையான வயிற்றோட்டம், இரண்டு நாள் ஓய்வு தேவை என்று ஒரு டொக்டர் கையெழுத்துப் போட்ட கடதாசி அவளுடைய கம்பனிக் கோப்பில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அது சரியா பிழையா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

நான் சதீசன். செட்டிபாளையத்தில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருக்கிறவன். வாவியில் வலை போடுகிறேன். காய்ச்சல் வந்தால் தோணியைக் கரையேற்றிவிட்டுப் படுத்துக்கொள்வேன். என்ன வருத்தம், டொக்டர் துண்டு எங்கே என்று வாவி என்னை ஒருநாளும் கேட்டதில்லை. தக்ஷாயினி போவது உடுப்புத் தைக்கிற கம்பனிக்கு. அங்கே முதல் ஆறு மாதம் தற்காலிகம். ஆறு மாதமும் ஒழுங்காக வந்தால் நிரந்தரக் கடிதம் தருவார்கள். இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் ஐந்தாம் மாதத்தில் அவளை நிற்பாட்டி அனுப்பியிருந்தார்கள். நிரந்தரமானால்தான் பிள்ளைப்பேற்றுக்கு லீவு கிடைக்கும், அதற்குப் பிறகுதான் பிள்ளை என்று நாங்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். இந்தமுறை கடிதம் வர இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளுக்கு உடம்பு சுட்டது. திங்கட்கிழமை காலையில் கிணற்றடிக்குப் போனவள் குளிக்காமலே திரும்பி வந்தாள். வயிற்றில் நாலைந்து கொப்புளம், முதுகில் கொஞ்சம், காதுக்குப் பின்னால் ஒன்று.

தக்ஷாயினியின் தாய், என் மாமி, ஒரு பார்வைதான் பார்த்தா. கையெடுத்துக் கும்பிட்டா. "அம்மாள் வந்திரிக்கா. தண்ணி வார்க்கும் வரைக்கும் படலைக்கு வெளிய போகப்படாது" என்றா.

என் மாமியின் பெயர் அன்னப்பூரணி. கண்ணகை அம்மன் காரியத்தில் அவவை அசைக்க ஒருவராலும் ஏலாது. பத்து நிமிடத்தில் வாசல் படலையில் வேப்பிலை ஏறியது. தாளிக்கக்கூடாது, மீன் கூடாது, ஆட்கள் வரக்கூடாது, மருந்து மாத்திரை பக்கமே போகக்கூடாது. மீன்பிடிக்கிறவன் வீட்டில் மீன் கூடாது என்றால் என் பாட்டைப் பாருங்கள். எனக்கும் மாமிக்கும் சின்ன வயதிலேயே வந்து போனது, அதனால் பயமில்லை. அம்மாள் விஷயத்தில் நானும் பெரிய வீரனில்லை. மாமி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

கம்பனிக்கு போன் எடுத்தேன். லீவு விஷயங்களைப் பார்க்கிறவர் ஹில்மி என்று ஒருவர். நல்ல மனிசன், பேச்சும் தன்மை.

"ஒரு நாள் எண்டாலும் டொக்டர் எழுதின மெடிக்கல் வேணும் தம்பி. ரெண்டு நாளைக்கு மேல மெடிக்கல் இல்லாட்டிப் பேர் லிஸ்டில இருந்து தானா வெட்டுப்படும். நான் வெட்டுறல்ல, கொம்பியூட்டர் வெட்டும். புதன்கிழமை காலையில மெடிக்கலோட வரச் சொல்லுங்க" என்றார்.

மருந்தே எடுக்கக்கூடாத ஆளுக்கு மெடிக்கல் எங்கே போய் எடுப்பது? செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்று என் முறை வர வெயில் ஏறிவிட்டது. டொக்டர் வயது குறைந்த பெண்பிள்ளை.

"என்ன வருத்தம்?"

"எனக்கில்ல, மனுசிக்கு. வருத்தமெண்டும் சொல்லப்படாது, டொக்டர். அம்மாள் வந்திரிக்கா."

"வருத்தமில்லாட்டி மெடிக்கல் என்னத்துக்கு?"

வீட்டில் அதை வருத்தம் என்று சொன்னால் மாமி வாயில் அடிப்பா. இங்கே வருத்தம் என்று சொல்லாவிட்டால் கடதாசி இல்லை. கடைசியில் டொக்டருக்கே சிரிப்பு வந்தது.

"கொப்புளிப்பானைச் சொல்றீங்க, என்ன? ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க. பாத்துப்போட்டுப் பதினாலு நாள் எழுதித் தாறன். பாக்காம எழுத ஏலாது."

பதினாலு நாள் என்றதும் எனக்குப் பெரிய சந்தோசம். வீட்டுக்கு வந்து தக்ஷாயினியிடம் சொன்னேன். பாயில் படுத்திருந்தவள் எழும்பிக் குந்திக்கொண்டாள்.

"ஐயோ, பதினாலு நாளா? ரெண்டு நாளுக்கு மேல லீவு எடுத்தா, மெடிக்கல் இருந்தாலும் இன்னும் ஆறு மாசம் தற்காலிகம்தான். சேர்ந்த அண்டைக்குக் கையெழுத்து வாங்கக்கொள்ள ஹில்மி சேர் வாசிச்சுக் காட்டின."

"அப்ப மெடிக்கல் குடுக்காட்டி?"

"பேர் வெட்டுப்படும்."

"குடுத்தா?"

"ஆறு மாசம் தள்ளும். மறுகா ஐஞ்சாம் மாசம் நிப்பாட்டுவாங்க. எனக்குத் தெரியாதா?"

மெடிக்கல் இல்லாவிட்டால் வேலை போகும். உண்மையான மெடிக்கல் கொடுத்தால் கடிதம் போகும். அப்படியென்றால் இந்த மெடிக்கலை எதற்குத்தான் கேட்கிறார்கள்? வருத்தக்காரியைக் கண்டுபிடிக்கவா, வருத்தமில்லாதவளைக் கண்டுபிடிக்கவா? வாவியில் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் வலிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதில் எந்தப் பக்கம் போவது என்று பிடிபடவே இல்லை.

பின்னேரம் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அங்கே ஆளைப் பார்க்காமலே எழுதுவார்கள் என்று என்னோடு வலை வளைக்கிற சில்வெஸ்டர் சொல்லியிருந்தான். டொக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எத்தினை நாள்?"

"ரெண்டு."

"காய்ச்சல் போடவா, வயித்தோட்டம் போடவா?"

சாப்பாட்டுக் கடையில் என்ன கறி வேண்டும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். காய்ச்சல் என்றால் உண்மைக்குக் கிட்ட வருகிறதே, யாராவது தோண்டிக் கேட்பார்களோ என்று பயந்து, "வயித்தோட்டம்" என்றேன். சீல் விழுந்தது.

வீட்டில் மாமி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டா. "வீட்டுக்கு வந்த அம்மாளை வயித்தோட்டம் எண்டு எழுதி வாங்கிற்று வந்திரிக்கியே மகன்" என்றா. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ மெதுவாகத்தான் சொன்னா. எனக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் தக்ஷாயினி நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். அவளுக்கு அம்மாள் கொஞ்சமாகத்தான் போட்டிருந்தா. தலைமயிரை இறக்கி விட்டால் காதுக்குப் பின்னால் இருந்ததும் தெரியாது. மாமி படலையை மறித்துக்கொண்டு நின்றா.

"தண்ணி வார்க்காம இறங்காத மகள். உனக்கும் ஆகாது, மத்தப் புள்ளையளுக்கும் ஆகாது."

"எனக்கும் விருப்பமில்ல அம்மா. நான் என்ன செய்ற, நீங்களே சொல்லுங்க."

மாமி விலகி நின்றா. வேப்பிலைக்குக் கீழே குனிந்து தக்ஷாயினி வெளியே வந்தாள்.

பஸ் நிற்கிற இடத்தில் பிரஷாந்தி நின்றாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பஸ்ஸில் ஒரு சீற், கம்பனியில் பக்கத்துப் பக்கத்து மெஷின், மத்தியானத்தில் ஒரு சோற்றுப் பாசல். பிரஷாந்திக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், அவளும் இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். தக்ஷாயினியைக் கண்டதும் ஓடி வந்து கன்னத்தைத் தொட்டாள்.

"என்னகா, வத்திப் போனாய்! வயித்தோட்டம் எண்டு நேத்து போனில சொன்னாயே. கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்திரிக்கன், மத்தியானம் குடி."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தள்ளி நில்லு தங்கச்சி என்று ஒரு சொல் போதும். தக்ஷாயினி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. தக்ஷாயினிக்கு எல்லாம் காய்ந்து, மாமி வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வார்த்து, படலையில் இருந்ததையும் கழற்றிவிட்டா. தப்பித்துவிட்டோம் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பிரஷாந்திக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் அதே லைனில் இன்னும் இரண்டு பேருக்கு. கிழமை முடிவதற்குள் ஏழு பேர்.

கம்பனி பதறிப்போனது. உடம்பில் கொப்புளம் கண்டால் பதினாலு நாள் வேலைக்கு வரவே கூடாது, டொக்டரிடம் காட்டி மெடிக்கல் அனுப்பினால் போதும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ஏழு பேரும் சொன்னபடி செய்தார்கள். பிரஷாந்தி வீட்டிலும் அம்மாளுக்கு மருந்தெடுக்கிற வழக்கமில்லை. ஆனாலும் கடிதம் கிடைக்க வேண்டுமே என்று, முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு ஓட்டோவில் போய் டொக்டரிடம் காட்டி எழுதி வாங்கினாளாம். ஒரு சொல் பொய் இல்லாத மெடிக்கல். எங்கேயிருந்து வந்ததென்று லைனில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் லிஸ்ட் வந்தது. தக்ஷாயினியின் பெயர் மேலேயே இருந்தது. ஹில்மி எல்லோருக்கும் முன்னால் கடிதத்தைக் கொடுத்து, ஆறு மாதத்தில் இரண்டே இரண்டு நாள்தான் லீவு, அதற்கும் மெடிக்கல் கொடுத்திருக்கிறா, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கை தட்டினாராம். அந்த ஏழு பேரில் அவளைப் போல ஆறு மாதம் முடிகிறவர்கள் பிரஷாந்தியோடு மூன்று பேர். பதினாலு நாள் லீவு இரண்டு நாளைவிடக் கூட என்பதால் அந்த மூன்று பேருக்கும் இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். வரக்கூடாது என்று சொன்னதும் கம்பனி, வரவில்லை என்று கணக்கெடுத்ததும் கம்பனி. ஹில்மி அதை வாசிக்கும்போது தண்ணீர் குடித்துக் குடித்து வாசித்தார் என்று தக்ஷாயினி சொன்னாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கடிதத்தை என் கையில் தந்தாள். மூன்று வருடமாக எதிர்பார்த்த கடதாசி. அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல ஒருபக்கம், கடதாசியைத் தொடவே கை கூசியது மறுபக்கம். மாமி அம்மனுக்கு விளக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் திரியை உருட்டிக்கொண்டே இருந்தா. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

அப்போதுதான் பிரஷாந்தி போன் எடுத்தாள். மா பிசைந்த கையாக இருந்ததால் தக்ஷாயினி போனை வெளியே கேட்கும்படி போட்டாள்.

"சந்தோசம்கா. எனக்கு இல்லாட்டியும் உனக்காவது கிடைச்சிரிக்கே. மனசாரச் சொல்றன்" என்றாள். குரலில் ஒரு பொறாமையும் இல்லை, அதுதான் என்னைக் குத்தியது. பிறகு கேட்டாள். "ஒண்டு கேக்கவா? என்ர பக்கத்தில இருந்து ஒரு பாசலில சாப்பிட்டவள் நீ. அங்கால இருந்தவளுக்கெல்லாம் அம்மாள் வந்த, உன்னை மட்டும் தொடல்ல. அவவுக்கு என்ன நேத்திக்கடன் வச்சாய்? சொல்லன், நானும் வைக்கப்போறன். இன்னும் ஆறு மாசம் இரிக்கே."

தக்ஷாயினி என்னைப் பார்த்தாள். பஸ் நிற்கிற இடத்தில் பார்த்த அதே பார்வையில்லை இது. என்னிடம் கேட்க ஒன்றுமில்லை என்று முடிவெடுத்துவிட்ட பார்வை.

"நேத்தி ஒண்டும் வைக்கல்ல பிரஷா" என்றாள். "எனக்குத்தான் முதல் வந்த."

"எப்ப?"

"நீ கஞ்சி கொண்டந்த அண்டைக்கு."

அந்தப் பக்கத்தில் பிரஷாந்தியின் சின்னவன் எதையோ கேட்டு அழுவது கேட்டது. அவள் அவனை அதட்டவும் இல்லை, எங்களை ஏசவும் இல்லை. போனை வைக்கவும் இல்லை. தக்ஷாயினி மாக் கையோடு நின்றுகொண்டே இருந்தாள்.