எண்ணக்கூடாத புளியங்கொட்டை

ஜீப் நாலு மணிக்குக் கிளம்பும். இப்போது மூன்றரை.

ஒன்றாம் வகுப்பு வாசலில் பூபாலன் நின்றான். தோளில் பெரிய பை. குடகில் காப்பிப் பழம் பறிக்க ஆறு மாதம் போகிறான். மனைவி காந்தா போன தையில் காய்ச்சலில் செத்துப்போனாள். மகள் தமிழரசியைக் கையோடு கூட்டிப் போக வந்திருந்தான்.

"ஹாஸ்டல் இருக்குதுங்களே. இங்கயே வுட்டுட்டுப் போங்க," என்றாள் கோகிலவாணி டீச்சர். ஆலங்காயத்துப் பெண். இந்த மலைப் பள்ளிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"இன்னாத்துக்கு டீச்சர்? மூணு மாசமா நீங்கதான எழுதி அனுப்புறீங்க, கணக்கு ஏறலன்னு? அங்க வந்தா எங்கூட சோறாவது துன்னும்."

எழுதியது அவள்தான்.

"ஒரே தடவ. உங்க கண்ணு முன்னாடி கேக்குறேன். தப்பாச் சொன்னா கூட்டினு போங்க. சரியாச் சொன்னா இங்கயே வுட்டுட்டுப் போவணும்."

"சரி. சீக்கிரம்."

கோகிலவாணி தமிழரசியைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தாள். தரையில் பத்துப் புளியங்கொட்டைகளைப் போட்டாள்.

"தமிழு, பத்த ரெண்டாப் பிரி. இந்தப் பக்கம் எத்தினி, அந்தப் பக்கம் எத்தினி?"

"இன்னிக்கும் ஒண்ண முழுங்கிடும் டீச்சர்!" பின்னாலிருந்து ரஞ்சித் சிரித்தான்.

"வாய மூட்றா."

தமிழரசியின் விரல்கள் வேகமாக ஓடின. சிலேட்டில் எழுதிக் காட்டினாள். 5, 4.

முடிந்தது. பூபாலன் பையைச் சரிசெய்துகொண்டான்.

மூன்று மாதமாக இதே கதைதான். எட்டைப் பிரித்தால் நாலும் மூன்றும். ஆறைப் பிரித்தால் மூன்றும் இரண்டும். ஒன்று குறையும். எப்போதும் ஒன்றுதான்!

கோகிலவாணிக்குச் சுரீரென்றது. இத்தனை நாளும் அவள் பார்த்தது சிலேட்டை. குழந்தையின் கையைப் பார்த்ததே இல்லை.

"நில்லுங்க! தமிழு, திரும்பச் செய்."

சிறுமி பத்தையும் குவித்தாள். முதல் கொட்டையைக் கண்ணில் ஒற்றிச் சுவரோரம் வைத்தாள். மிச்சத்தைத்தான் பிரித்தாள்.

"அது இன்னா?"

"சாமிக்கு. அத எண்ணக்கூடாது டீச்சர்."

பூபாலன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சாமை அளக்கறப்போ மொதப் படி எங்க சாமி வேடியப்பனுக்கு. அத கணக்குல சேக்க மாட்டோம்." சுவரோரக் கொட்டையைப் பார்த்தபடி சொன்னான். "அவங்கம்மா பழக்குனது."

"எங்கிட்ட ஏன் சொல்லல தமிழு?"

"நீங்க கேக்கல. தப்புன்னு மட்டும் சொன்னீங்க."

கோகிலவாணி சிலேட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "சரி, சாமிக்கு வெச்சதையும் சேத்து எழுது. சாமி கோச்சுக்க மாட்டாரு."

தமிழரசி கொஞ்சம் யோசித்தாள். எழுதினாள். 1, 5, 4.

மூன்று பங்கு. அந்த வகுப்பில் இன்னும் யாருக்கும் சொல்லித்தராத பாடம்.

"ஏறலன்னு எழுதுனது என் தப்புங்க," என்றாள் கோகிலவாணி.

வெளியே ஹாரன். பூபாலன் பையைத் திறந்தான். இரண்டு கவுன், ஒரு சீப்பு, ஒரு ஸ்வெட்டர். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சித்திரைக்கு வர்றேன்," என்றான், மகளின் முகத்தைப் பார்க்காமல். விறுவிறுவென்று நடந்தான்.

தமிழரசிக்கு அப்போதுதான் புரிந்தது. சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கோகிலவாணி வாசலிலேயே அவளை வாரிப் பிடித்தாள்.

"யப்பா! நா தப்பாவே சொல்றேம்பா!" பிஞ்சுக் கை சிலேட்டைப் பரபரவென்று அழித்தது. "பத்துன்னா அஞ்சும் நாலும்பா! கூட்டினு போப்பா!"

ஜீப் கிளம்பியது.