திறந்து கிடந்த மைக்

மூன்றாவது முறை மண்டபத்து மேலாளர் ஒலிபெருக்கி மிக்ஸரை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு வரவில்லை. வாசலில் வண்டியை அணைக்காமலே சத்தம் போட்டார். “இங்க நல்லாத்தான் பேசுது. எங்ககிட்ட வந்ததும் ஊமையாயிடுது. நீங்களே வந்து என் கண்ணு முன்னாடி பாருங்க. பதினோரு மணிக்குக் கூட்டம்.”

பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மருமகளுக்கும் அது கேட்டது. கடைக்கு வருகிறவர்களைப் பொறுத்தவரை அங்கே மெக்கானிக் ஒருவர்தான், அவளுடைய மாமனார். முப்பது வருடமாகக் கைராசிக்காரர் என்று பெயர். அந்தக் கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. அவள் மின்னணுவியலில் டிப்ளமோ முடித்துவிட்டு அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். முதலில் டார்ச் பிடித்தாள். பிறகு அவருக்குப் பொடி எழுத்துகளைப் படித்துச் சொன்னாள். ஒருநாள் அவர் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயனை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அன்றைக்கே தடுப்பும் வந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து பேசுவார், அவள் பின்னால் உட்கார்ந்து பற்றவைப்பாள். யாராவது வந்து பேச்சு நீண்டால் இருமலைக்கூட முழுங்கிக்கொள்வாள். வெளியூரில் வேலை பார்க்கும் கணவனிடம் ஒருமுறை போனில் சொல்லிப் பார்த்தாள். “அப்பாவுக்கு இருக்கறதே அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா?” என்று கேட்டான். அவளுக்கு இருப்பது என்ன என்று அவன் கேட்கவில்லை.

இந்த மிக்ஸரை மட்டும் அவர் அவளிடம் கொடுக்கவில்லை. மண்டபம் பெரிய இடம். கையும் கொஞ்சம் அடங்கியிருந்த வாரம் அது. “இதை நானே பாத்துக்கறேன்” என்றார். ஆம்ப்ளிஃபயர் இதிலேயே சேர்ந்திருக்கிற வகை, கனமான பெட்டி. மைக்கில் பேசினால் பெட்டியின் முகப்பில் இருக்கும் சின்ன விளக்குகள் ஏறி இறங்கி ஆடும். ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வராது. அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் டிரான்சிஸ்டர்களை இரண்டு முறை மாற்றினார். இரண்டு முறையும் மேசையில் வேலை செய்தது. விளக்கு ஆடுகிறது என்றால் குரல் பாதி வழி வரை வந்துவிட்டது, நடுவில்தான் எங்கோ அறுந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னாள். அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீயும் வா. பையைப் பிடிக்க ஆள் வேணும்” என்றார் மாமனார் இப்போது. மூன்று வருடத்தில் வேலைக்கென்று அவள் வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை.

மண்டபத்தில் நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். முன்வரிசையில் பத்துப் பதினைந்து பேர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்து மேசையில் மிக்ஸரின் மூடியைக் கழற்றும்போதே மாமனாரின் கை தந்தியடித்தது. திருப்புளி திருகின் தலையை விட்டு வழுக்கி வழுக்கிப் போனது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். வாசலில் யாரோ கூப்பிட, “இதோ வரேன்” என்று நகர்ந்தார்.

அவள் திருப்புளியை வாங்கி மூடியைத் திறந்தாள். சுவிட்சைப் போட்டு, மைக்கை விரலால் தட்டினாள். விளக்குகள் ஆடின, சத்தம் இல்லை. மைக்கை அப்படியே மேசைமேல் வைத்தாள். பின்பக்கம் இரண்டு துளைகள், மிக்ஸரிலிருந்து வெளியே போவதற்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்குள் போவதற்கு ஒன்று. வெளியே எதையும் செருகாதபோது இரண்டையும் உள்ளேயே இணைப்பது ஒரு சின்னத் தகடு. அதன் காலடியில், ஈயப் பற்றைச் சுற்றி, முடி போல வட்டமாக ஒரு விரிசல் தெரிந்தது. இடம் மாற்றும்போதெல்லாம் ஒட்டும், மேடையில் நாலு பேர் நடந்தால் விலகும். ஒரு பிளாஸ்டிக் பேனாவின் முனையால் அதை மெல்ல அழுத்தினாள்.

“போன தடவையே சொன்னேன்ல மாமா, கோளாறு இங்கதான்னு. நீங்க மாத்தினதெல்லாம் வீண். உங்க கை நடுங்குது, அயனை என்கிட்ட குடுங்க.”

கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். ஆனால் பேனா அழுத்திய நொடியிலேயே தகடு ஒட்டிவிட்டது. அவளுடைய குரல் நான்கு ஸ்பீக்கர்களிலிருந்தும் கிளம்பி, சுவரில் மோதித் திரும்பி வந்தது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். மேலாளர் வாசலிலிருந்து ஓடிவந்தார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. எடுத்தால் அமைதியாகிவிடும் என்று தெரியும். ஆனாலும் விரல் நகரவில்லை. தன் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மாமனார்தான் கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். நான்கு தடவை தவறி, ஐந்தாவதில் அணைத்தார்.

பிறகு அவள் எல்லோர் முன்னாலும் பற்றவைத்தாள். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக ஈயம் விட்டாள். தகட்டையும் துடைத்தாள். மூடியைப் பூட்டி, சுவிட்சைப் போட்டதும் மேலாளர் மைக்கில் பேசினார், மேசையைக் குத்தினார், மேடையில் குதித்தும் பார்த்தார். சத்தம் அறுபடவில்லை.

“யாரும்மா நீங்க?”

அவள் வாயைத் திறப்பதற்குள், “என் மருமக. சும்மா கூடமாட ஒத்தாசைக்கு” என்றார் மாமனார்.

மேலாளர் அவரைப் பார்க்கவில்லை. “எங்ககிட்ட இன்னும் ரெண்டு மண்டபம் இருக்கும்மா. எல்லாத்தையும் நீங்களே வந்து பாத்துக்கறீங்களா? நாளைக்குக் காலைல கடைக்கு வரேன், பேசலாம்.”

திரும்பும்போது பேருந்தில் அவர் அவளுக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்துகொண்டார். வலது கையை இடது கையால் தொடைமேல் அழுத்திப் பிடித்திருந்தார். பின்னாலிருந்து பார்க்க அவருடைய கழுத்து மெலிந்திருந்தது. வீடு சேர்வதற்குள் செய்தி வெளியூருக்கும் போயிருந்தது. கணவன் போன் செய்தான். “மைக்குல சொன்னியாமே?” என்றான். “கேட்டுடுச்சு” என்றாள் அவள்.

மறுநாள் காலை, ஒரு சர்க்யூட் போர்டில் பதினாறு கால் உள்ள ஐசி சில்லைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டது.

“அந்தம்மா இருக்காங்களா?” மேலாளரின் குரல்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

“இல்லையே” என்றார் மாமனார். “ஊருக்குப் போயிட்டா. அவ அம்மா வீட்டுக்கு.”

“எப்ப வருவாங்க?”

“சொல்ல முடியாது.”

அயன் ஏழாவது காலில் இருந்தது. ஈயம் இன்னும் உருகி ஓடவில்லை. இப்போது எடுத்தால் பற்று நிற்காது. ‘இருக்கேன்’ என்ற சொல் தொண்டை வரை வந்து, வழக்கமாக இருமல் நிற்கும் இடத்தில் நின்றது. தடுப்பின் கீழ் இடுக்கில் மாமனாரின் செருப்பு தெரிந்தது. அது வாசலைப் பார்த்துத் திரும்பியது.

மேலாளர் வெளியே போய் வண்டியை உதைத்தார். அது இருமிவிட்டு அணைந்தது. ஈயம் பளிச்சென்று விரிந்து காலைச் சுற்றி வளைத்தது. அவள் அயனை எடுத்தாள்.

இரண்டாவது உதைக்கும் வண்டி கிளம்பவில்லை. மூன்றாவதற்கும் இல்லை. ஒரு குரல் எட்டும் தூரத்தில்தான் மேலாளர் இன்னும் நின்றிருந்தார்.