சிரித்தவர்கள் பட்டியல்

இந்துஜாவுக்கு அந்த வாரம் முழுக்க மண்டையிடி. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அப்படி என்ன மண்டையிடி என்று கேட்காதீர்கள். பள்ளியில் புதிதாகப் போட்ட கேலி, மிரட்டல் தடுப்புக் குழுவுக்கு அவள்தான் மாணவத் தலைவி. குழு நாலு தடவை கூடியது. அதில் மூன்று தடவை பேட்ஜ் நீலமா பச்சையா என்றே சண்டை. நாலாவது தடவை ஆளுக்கொரு சமோசா கொடுத்தார்கள், அதோடு எல்லாரும் கலைந்துவிட்டார்கள்.

தடுக்க வேண்டியதோ தினமும் காலையில் அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. கல்கத்தாவில் டாலிகஞ்சிலிருந்து ரஞ்சன் காக்குவின், அதாவது டிரைவர் மாமாவின், வேன் ஒன்பது பிள்ளைகளையும் ஒன்பது புத்தக மூட்டைகளையும் திணித்துக்கொண்டு கிளம்பும். அதில் ஆறாம் வகுப்பு மீரா ஒருத்தி. அப்பாவுக்கு ரயில்வேயில் மாற்றலாகி, ஜூலையில்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். வங்காளம் இன்னும் வாயில் நுழையவில்லை. பத்தாம் வகுப்பு ராகவுக்கு அது போதாதா? இத்தனைக்கும் அவனும் தமிழ்ப் பையன்தான். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த மிதப்பு.

மீரா ஏறும் முன்பே அவள் இடத்தில் ராகவின் பை உட்கார்ந்திருக்கும். வேன் முதல் சிக்னலில் நின்றதும், மெட்ரோ ரயிலில் வருகிற மாதிரி அவள் வங்காளத்தில் அறிவிக்க வேண்டும்: அடுத்த ஸ்டேஷன் காளிகாட், பிளாட்பாரம் வலது பக்கம். சொல்லி முடித்தால்தான் பை நகரும். அவள் திக்கித் திணறும் ஒவ்வொரு சொல்லுக்கும் வேனே குலுங்கும். ரஞ்சன் காக்குவுக்கு ஹாரனைத் தவிர வேறெதுவும் காதில் விழாது.

இந்துஜாவும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் ராகவின் கண் இவள் பக்கம் திரும்பும். இவளும் தமிழ்ப் பெண் என்பதால், ஐந்தாம் வகுப்பு முழுக்க இவளுக்கு 'இட்லி' என்று பெயர். அந்தப் பெயரை ஒழிப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஆனால் அவளுக்கு எரிச்சல் வந்ததென்னவோ மீராவின் மேல்தான். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, கடைசியில் ஏன் தானும் சேர்ந்து சிரித்துத் தொலைக்கிறாள்?

குழு உருப்படியாகச் செய்தது ஒரு புகார்ப் பெட்டி. சந்தேஷ் இனிப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்குத் தங்கக் காகிதம் ஒட்டி, மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். 'பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம்' என்று மேலே ஒரு போஸ்டர். எந்த மொழியிலும் என்பது இந்துஜாவின் யோசனை. அவள் மனத்தில் இருந்தது வங்காளம், இந்தி, ஆங்கிலம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தாள். பதினேழு சீட்டு. அதில் ஒன்பது கேன்டீன் சௌமீன் நூடுல்ஸைப் பற்றி. நாலு பேர் கணக்கு மிஸ்ஸை மாற்றச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு எதைத் தடுப்பது என்று தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் அடியில், தமிழில் ஒரு சீட்டு கிடந்தது.

மூன்று வயதில் கல்கத்தா வந்தவள் அவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கடைப் பொட்டலத்தில் இருப்பதை எழுத்துக் கூட்டுவாள், கையெழுத்தென்றால் முதல் வரியிலேயே முட்டிக்கொள்ளும். வீட்டுக்கு எடுத்துப்போய், சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மா சகுந்தலாவிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா."

"ஞாயித்துக்கெழமை அரை மணி நேரம் தமிழ் எழுத உக்காருன்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டியா?"

"உஃப், அம்மா! லெக்சரை அப்பறம் குடு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "எங்கள் வேனில் தினமும் என்னை மெட்ரோ மாதிரி பேசச் சொல்கிறார்கள். பேசினால்தான் உட்கார விடுவார்கள். பேசச் சொல்வது ராகவ் அண்ணா. சிரிப்பது எல்லாரும். இனிமேலும் இப்படி நடந்தால் நான் பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேன். ஊருக்குப் போய்ப் பெரியம்மா வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்." அம்மா ஒரு முறை இந்துஜாவைப் பார்த்துவிட்டு மேலே படித்தாள். "ரொம்பச் சத்தமாகச் சிரிப்பது இந்துஜா அக்கா. மற்றவர்கள் சிரித்தால் பொறுத்துக்கொள்வேன். அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியும். அக்கா சிரித்தால்தான் எனக்கு அழுகை வருகிறது."

அம்மாவுக்குச் சட்னி மறந்தே போயிற்று. "இது எந்த இந்துஜாடி?" என்று கேட்டாள். இந்துஜா சீட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை பூராவும் இந்துஜா வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தாள். வேனில் எட்டுப் பேர் சிரிக்கிறார்கள், இவள் பெயர் மட்டும்தான் கிடைத்ததா? எந்த மொழியிலும் எழுதலாம் என்று போஸ்டரில் போடச் சொன்ன தன் வாயை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை வேறொரு புத்தி வந்தது. குழுவுக்குப் பொறுப்பான சட்டர்ஜி மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துக் கொடுக்கப்போவது இவள்தான். கடைசி வரிகளை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? பேனாவை எடுத்து ராகவ் வரைக்கும் ஆங்கிலத்தில் எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் எரிச்சலாகத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் எழுதி முடித்தாள்.

திங்கட்கிழமை மீரா வந்தாள். அவள் அம்மா ஜெயலக்ஷ்மி கையைப் பிடித்து இழுத்துவந்து ஏற்றிவிட்டுப் போனாள். ரவீந்திர சரோபர் சிக்னலில் வேன் நின்றது.

"ஏய் மெட்ரோ, ஸ்டார்ட்!" என்றான் ராகவ்.

மீரா வாயைத் திறப்பதற்குள் இந்துஜா அவன் பையைத் தூக்கி அவன் மடியில் பொத்தென்று போட்டாள். "உக்காரு மீரா," என்றாள் தமிழில்.

"கமிட்டி டியூட்டியா? வெள்ளிக்கெழமை விழுந்து விழுந்து சிரிச்சது யாரு?"

"நான்தான். நெனச்சா அசிங்கமா இருக்கு. இனிமே சிரிக்க மாட்டேன். ப்ரேக்ல சட்டர்ஜி மிஸ்கிட்ட போறேன், உன் பேரும் வரும்."

ராகவ் மற்றவர்களைப் பார்த்து இளித்தான். ஏழாம் வகுப்பு அஷ்வத் எப்போதும் இந்துஜா சிரித்த பிறகுதான் சிரிப்பான். இன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்ற பிள்ளைகளும் கம்மென்று இருந்தார்கள். ராகவ் இரண்டு தடவை ஏதோ ஆரம்பித்தான். கூடச் சிரிக்க ஆளில்லாமல் அது பாதியிலேயே நின்றது. இவ்வளவுதானா, இதற்கா நாலு கூட்டம் போட்டோம் என்று இந்துஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காளிகாட் தாண்டியதும் மீரா மெதுவாகக் கேட்டாள். "அந்தச் சீட்ட மிஸ்கிட்ட குடுத்தா, நான்தான் எழுதினேன்னு தெரிஞ்சிருமாக்கா?"

"தெரியும். ஆனா நீ தனியாப் போக வேண்டாம். நானும் கூட வரேன். என் பேரும்தான் அதுல இருக்கே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அந்த வரியை வேண்டுமானால் அடித்துவிடுங்கள் என்று சின்னப் பெண் சொல்லிவிடுவாள் என்று மனசு நப்பாசைப்பட்டது.

மீரா தன் புத்தக மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்க்கா," என்றாள்.