72727 என்ற பை

1
என் தங்கை போனில் அழுதுகொண்டே சொன்னது இது. (அழுததைக் கதையில் போடாதே என்றாள். போட்டுவிட்டேன்.)

2
"குளிர்ந்த அறையில், வெள்ளை அங்கி அணிந்த அவள்…" வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கை வேலை பார்க்கும் ரத்த வங்கியில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எதையும் மூன்று தடவை சரிபார்ப்பாள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அங்கே எல்லோரும் 35353, 72727 என்று இரண்டே இலக்கங்களை மாற்றி மாற்றித் தட்டிப் பொய்ப்பதிவு போடுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவற்றை அழிப்பது அவள் வேலை.

[ரத்தப் பைகளுக்கு வரிசை எண். ஆயிரம் சொச்சம் பைக்கு ஒருமுறை அப்படிப்பட்ட எண் நிஜமாகவே வந்து தொலைக்கும். சாதாரண வகையென்றால் வெள்ளிக்கு முன்பே செலவாகிவிடும். இந்த 72727 அரிய வகை, யாருக்கும் தேவைப்படாமல் கிடந்தது.]

3
வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு 72727-ஐப் பொய்ப்பதிவு என்று நினைத்துப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து அழித்தாள். பத்தேகாலுக்குப் பிரசவ வார்டிலிருந்து போன். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த வகையில் இருப்பது ஒரே பை.

பை கண்ணெதிரே குளிர்பெட்டியில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இல்லை. சோதிக்காத பைகளும் அதே பெட்டியில்தான்; எது சோதித்தது என்று கம்ப்யூட்டர்தான் சொல்லும்.

"சார், நானே டெஸ்ட் பண்ணேன். நல்ல ரத்தம். நல்லா ஞாபகமிருக்கு."

"ஞாபகத்த வச்சு ரத்தம் ஏத்த முடியுமாம்மா?" என்றார் மேலதிகாரி. "திரும்ப டெஸ்ட் பண்ணு."

"ரெண்டு மணி நேரம் ஆகும் சார். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்குவாளா?"

அவர் குளிர்பெட்டிக் கதவைச் சாத்தினார். [இவரை முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மனுஷன் சொன்னது சரிதான்.]

அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்: காலையில் அழிக்கும்போது வராத ஞாபகம் இப்போது மட்டும் எப்படி வந்தது?

4
முதல் முடிவு: பையை அனுப்புகிறாள், தாயும் சேயும் நலம். எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

இரண்டாவது: மறுபடியும் சோதிக்கிறாள். இரண்டு மணி நேரம் கழித்து வார்டுக்குப் போன் செய்தால்…

இதை முடிக்க மனசு வரவில்லை. நடந்தது எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. "நீயா இருந்தா என்னண்ணா பண்ணியிருப்ப?" என்று தங்கை கேட்டபோது பேச்சை மாற்றியவன் நான்.

ஆகவே பையை உங்கள் கையில் கொடுக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்ணின் கணவன் நிற்கிறான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான்.

"குடுத்துருவீங்கல்ல?" என்கிறான்.

என்னைப் பார்க்காதீர்கள். உங்களைத்தான் கேட்கிறான்.