தொண்ணூற்றேழு

ரொட்டியின் மேலும் உப்பின் மேலும் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

மப்ரூக்கா வாடகைக் காரிலிருந்து இறங்கியபோது அப்பாவின் ஜனாஸா ஊர்வலம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. பையும் கையுமாக வாசலிலேயே நின்றாள்.

அப்பா லஸ்ஹர் முப்பது வருடம் பாஸ்பேட் சுரங்கத்தில் தூசி தின்றவர். அவர் இருமலை ரயிலின் ஊதல் என்று நம்பி ஸ்டேஷனில் இரண்டு முறை பச்சைக்கொடி காட்டியிருக்கிறார்கள். ஸ்பாக்ஸ் நகரத்தில் நர்ஸாக இருந்த மகள் மப்ரூக்கா போனில் அவருக்குப் பொறுமையாக விளக்கியிருந்தாள்.

"பாபா, நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னக் காத்துப் பை. அதோட சுவர் சிகரெட் தாளை விட மெல்லிசு. இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் ரத்தம். ரத்தம் ஆக்சிஜனை வாங்கிக்கிட்டு, கெட்ட காத்தை இந்தப் பக்கம் தள்ளிடும்."

"நம்ம எல்லையில பெட்ரோல் கடத்துற மாதிரி."

"ஆமா. தூசியால உங்க சுவர் தழும்பாகித் தடிச்சுப்போச்சு. சரக்கு தாண்ட மாட்டேங்குது."

"ராத்திரிக் காவலுக்கு லஞ்சம் வாங்காத ஆள் வந்துட்டான்னு சொல்லு."

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப் ஒன்றைத் தம்பி ரிதா மலிவான லிபியாக் கடத்தல் சரக்கு விற்கும் சந்தையில் வாங்கினான். தினமும் சாயங்காலம் அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அன்றே அவள் கிளம்பிவிடுவாள். படம் வந்த நாற்பது நாளும் தொண்ணூற்றேழு. முப்பதாம் நாள் அவள் வார்டு முழுக்க மக்ரூட் இனிப்புக் கொடுத்தாள். நேற்றும் தொண்ணூற்றேழுதான்.

ரிதா அடக்கம் முடிந்து திரும்பியதும் மப்ரூக்கா போனில் நேற்றைய படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாபா நகம் கிளிமூக்கு மாதிரி வளைஞ்சிருக்கும். இதுல கிளிப்புக்குப் பக்கத்து விரல் நகம் நேரா இருக்கு. இத்தனை நாள் நான் நம்பரை மட்டும் பார்த்திருக்கேன். யாரு விரல்டா இது?"

அவன் செருப்பு மண்ணைத் தட்டினான். "என்னோடது."

"நாற்பது நாளுமா?"

"அவர் விரல்ல ஒருநாள்கூட மாட்ட விடலக்கா. 'உண்மை தெரிஞ்சா வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவா, நான் என் கட்டில்லதான் சாகணும்'னார்."

"இழுத்துட்டுப் போவேன்னு யாரு சொன்னா? என்னைக் கேட்டீங்களா?"

ரிதா அடுத்த செருப்பைத் தட்டினான்.

"உம்மாவுக்குத் தெரியுமா?"

உள்ளேயிருந்து உம்மாவே பதில் சொன்னாள். "படம் எடுத்ததே நான்தான்."

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த குஸ்குஸ் நடுக்கூடத்தில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் கிடந்த கிளிப்பை மப்ரூக்கா எடுத்தாள். மாட்ட வேண்டிய விரல் மண்ணுக்குள் போய்விட்டது. குஸ்குஸில் குத்தி நின்ற மரக்கரண்டியின் காம்பில் மாட்டினாள்.

சற்று யோசித்துவிட்டு, அது தொண்ணூற்றேழு காட்டியது.