கெட்டியான தண்ணீர்

கண்டக்டருக்குப் பக்கவாதம் வந்த நான்காவது நாள், ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலின் தலைமாட்டில் ஓர் ஊதா அட்டையை மாட்டினாள் டயட்டீஷியன். 'மசித்த உணவு, கெட்டித் திரவம். சாதாரணத் தண்ணீர் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. கண்டக்டரின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சாலைப் பலகைகளை ஒரே பார்வையில் படித்துப் பழகியவள். இந்த அட்டையை மூன்று முறை படித்தும் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தண்ணி கூடாதுன்னா எப்படிம்மா? மனுஷன் தண்ணி குடிக்காம இருக்க முடியுமா?"

"குடுக்கலாம்மா. கெட்டியாக்கிக் குடுக்கணும்." டயட்டீஷியன் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை அளந்து தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். இரண்டு நிமிடத்தில் தம்ளருக்குள் தேன் மாதிரி ஏதோ அசைந்தது. "தண்ணி வேகமா ஓடும். இவருக்குத் தொண்டை மூடுறதுக்குள்ள மூச்சுக்குழாயில இறங்கிடும். கெட்டியா இருந்தா மெதுவாப் போகும், சமாளிச்சுக்குவாரு."

"அப்ப தண்ணியவிட மசிச்ச உருளைக்கிழங்கு சுலபமா?"

"இவருக்கு ஆமா. கிழங்குல வெண்ணெய் தாராளமா சேர்த்துக்கலாம். உடம்பு ரொம்ப இளைச்சிருக்கு."

பத்து வருஷமாக வெண்ணெயை அவர் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்தவள் அவள். "கொழுப்பே ஆகாதுன்னு முன்ன பாத்த டாக்டர் சொன்னாரே?"

"அது அப்ப. இப்ப முதல்ல எடை ஏறட்டும். உப்பு மட்டும் அப்பவும் கம்மி, இப்பவும் கம்மி."

டயட்டீஷியன் போனதும் அவள் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ருசியில் தண்ணீர்தான். ஆனால் தாகத்துக்கு அதைக் குடிப்பது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அடுத்த கட்டிலில் ஒரு தபால்காரர். குடல் பரிசோதனைக்காக வந்தவர். அவருடைய அட்டை பச்சை: 'தெளிந்த திரவம் மட்டும்'. தண்ணீர், வடிகட்டிய ஆப்பிள் சாறு, பால் சேர்க்காத டீ. மென்று தின்ன ஒன்றும் கிடையாது. துணைக்கு அவருடைய அக்கா இருந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தால் கண்டக்டர் தபால்காரரின் தம்ளரையே பார்ப்பார். தபால்காரர் கண்டக்டரின் கிண்ணத்தைப் பார்ப்பார்.

"நம்ம ரெண்டு பேரையும் ஒரே ஆளாப் பண்ணியிருந்தா நிம்மதியாச் சாப்பிட்டிருப்போம் அண்ணே" என்றார் தபால்காரர். பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் இருபது வருஷம் கத்திய கண்டக்டர், குழறலாக ஏதோ சொல்லிப் பாதி வாயால் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவியின் புடவையைப் பிடித்து இழுத்தார். "தண்ணி."

கெட்டித் தண்ணீரை ஸ்பூனில் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தண்ணிம்மா" என்றார் மறுபடியும். உதடு வெடித்துக் கிடந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் பாட்டிலிலிருந்து இரண்டு ஸ்பூன் புகட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இருமல், புரையேறல் எதுவும் இல்லை. இதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் அந்தப் பொடி டப்பா ஒன்று வாங்கக் கீழே மருந்துக்கடைக்குப் போனாள். திரும்பி வரும்போதே வராந்தாவில் இருமல் சத்தம் கேட்டது. ஓடினாள். சிஸ்டர் கண்டக்டரை நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் போட்டுத் தொண்டையிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் முகம் கறுத்திருந்தது. கட்டிலில் ஒரு காலித் தம்ளர் உருண்டு கிடந்தது. பக்கத்தில் தபால்காரர், மடியில் கண்டக்டரின் கிண்ணமும் வாயில் ஸ்பூனுமாக, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் தண்ணி கேட்டாரு. நான்... எனக்குப் பசி. மாத்திக்கிட்டோம்."

"அறிவிருக்காய்யா உனக்கு? அட்டைய எழுதி மாட்டியிருக்காங்கல்ல? அவரக் கொன்னுட்டுத்தான் போவியா?" என்று அவள் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா விஷயம் கேட்டுத் தம்பியைத் தன் பங்குக்கு வறுத்தெடுத்தாள். கிழங்கு வயிற்றுக்குள் போய்விட்டதால் அவருடைய பரிசோதனை இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. அதுவரை மறுபடியும் வெறும் திரவம்.

ராத்திரிக்குள் கண்டக்டருக்குக் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டது. காலையில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். வலது நுரையீரலின் அடியில் புகை மாதிரி ஒரு வெளுப்பு, நிமோனியா.

அவள் டாக்டரின் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனாள். "டாக்டர், அதுக்கு முந்தின நாள் நானும் ரெண்டு ஸ்பூன் குடுத்தேன். சாதாத் தண்ணி."

"இருமினாரா?"

"இல்ல. அதனாலதான் ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சேன்."

"பக்கவாதத்துல சில பேருக்குத் தொண்டையில உணர்ச்சியே மரத்துப்போயிடும்மா. இருமாமலே உள்ள இறங்கிடும்."

"அப்ப இது நான் குடுத்ததா, அவரு குடுத்ததா?"

"அதச் சொல்ல முடியாது. ரெண்டுமே இருக்கலாம்."

அவள் திரும்பி வந்து தபால்காரரின் கட்டிலருகே நின்றாள். இரும வைத்த தண்ணீரைக் கொடுத்தவன் குற்றவாளி என்றால், இருமாமல் இறங்கிய தண்ணீரைக் கொடுத்தவள் யார்? அவளுக்கு எந்தப் பக்கம் சாய்வதென்றே தெரியவில்லை.

"தம்பி, நானும் குடுத்தேன். உங்களுக்கு முன்னாடியே."

தபால்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எதுக்கு என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?"

"தெரியலை" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. அக்கா நாற்காலியை நகர்த்திப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் அது இறங்கியது. தபால்காரருக்குக் குடலில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கண்டக்டர் பொடி டப்பாவோடும், தெர்மாமீட்டரோடும், மாதம் ஒரு தடவை விழுங்கும் சோதனைக்கு வரவேண்டும் என்ற சீட்டோடும் வீட்டுக்குப் போனார். டீ, சூப், மாத்திரைக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் அவள் அளந்து கலக்கினாள். பாடம் நடத்தப் போகும் நாட்களில் மூன்று தம்ளர் கலக்கி மூடி வைத்துவிட்டுப் போனாள்.

முதல் மாதச் சோதனையில் முன்பைவிட ஒரு படி நீர்க்கக் கொடுக்கலாம் என்றார்கள். தண்ணீர் இன்னும் கிடையாது. வீடு திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி அவள் அந்த இரண்டு ஸ்பூன் விஷயத்தை அவரிடம் சொன்னாள். பேச்சு இப்போது ஓரளவு தெளிந்திருந்தது அவருக்கு.

"நீ குடுத்தியா? ஞாபகமே இல்ல." நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். "தபால்காரன் குடுத்தது நல்லா ஞாபகம் இருக்கு. ஜில்லுனு இருந்துச்சு."

தப்பித்தோம் என்று நினைப்பதா, கோபப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காரை எடுத்தாள்.