தென்னைக்கு வைத்த உப்பு

சுகதன் குவைத்திலிருந்து நிரந்தரமாகத் திரும்பியதும் தோட்டத்துக்கென்று ஆசையாக வாங்கி வந்தது களைக்கொல்லி. புல் வெட்ட ஆள் கிடைக்கவில்லையாம். வருடா வருடம் அடித்தார். கடைசியில் மனைவி விலாசினி கொத்தினால் மண்வெட்டி டங்கென்று நின்றது. தோண்டிய இடத்தில் ஒரு மண்புழு இல்லை. கேரளத்தில், சேம்புகூட முளைக்காத மண்! வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அவள் தன் பாட்டுக்கு மண்ணைத் தேற்ற ஆரம்பித்தாள். கடையில் விற்கிற சிவப்புப் புழுவை வாங்கி வந்து மண்ணில் விட்டாள். அது எருக்குழியில் வாழும் ஜாதி. வெயில் ஏறுவதற்குள் பாதி செத்தது, மீதியைக் கோழிகள் பார்த்துக்கொண்டன.

பக்கத்து வீட்டு நபீசும்மா வேலியோரம் நின்று சிரித்தாள். "விருந்தாளியக் கூப்பிட்டுட்டு அடுப்பே பத்த வைக்கலையேடி நீ!"

அதன் பிறகுதான் வாழைத்தண்டும் சாணமும் பலா இலையும் அடுக்கி மட்க வைத்தாள். மட்கியதைத் தென்னம்பாத்திகளில் பரப்பி, கோடையில் வெயில் படாமல் ஓலை போட்டு மூடினாள். நபீசும்மாவின் தொழுவத்துக்குப் பின்னாலிருந்து நாட்டுப் புழுக்களை ஈரமண்ணோடு சட்டியில் அள்ளி வந்து இறக்கினாள். முதல் கோடையில் எல்லாம் போயிற்று. மறுபடியும் அள்ளி வந்தாள். ஒரு மழைக்காலத்துக் காலையில் பாத்தி முழுக்கப் புழு தள்ளிய மண், குருணை குருணையாக. அடுப்பில் மீன் இருப்பதை மறந்து அங்கேயே குந்தியிருந்தாள். கருகிய மீனுக்காகச் சுகதனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"என் பொண்டாட்டி புழு வளக்கிறா. புருஷனுக்குத்தான் சோறில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கட்டும். வீடு அவர் பெயரில் இருந்தது, பேச்சும் அவருடையதே. அந்த மண் ஒன்றுதான் அவள் சொன்னதைக் கேட்டது. அதற்காக ஒரே ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறாள். இனி தோட்டத்தில் மருந்து அடித்தால் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். அவரும் சத்தியம் செய்தார்.

மகள் நிமிஷாவின் பிரசவத்துக்காக அவள் எறணாகுளம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆனி மாதத்துத் திருவாதிரை மழை தொடங்கியது. ஒரு முற்பகலில் சுகதன் போன் செய்தார்.

"ஏடி, உன் புழுவ நீ பாக்கணுமே! தென்னைக்கு அடியில மண்ணே தெரியல, அப்படி நெளியுது. இத்தன நாளும் கேலி பண்ணிட்டேன், தப்புதான். நீ கெட்டிக்காரிடி."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. விலாசினி பெருமையாக மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது.

"பட்டப்பகல்லயா மேல வருது? என்ன பண்ணீங்க சேட்டா?"

"மருந்தில்லடி. சத்தியத்த மீறுவேனா? நீ இல்லாம தென்ன பட்டினி கிடக்கக் கூடாதேன்னு, எங்கப்பா வைக்கிற மாதிரி கல்லுப்பு வச்சேன். அவர் மரத்துக்கு ஒரு படிதான் வைப்பார். உன் தோட்டமாச்சே, நான் ரெண்டு படி வச்சேன்."

உப்பு தாங்காமல்தான் மேலே வந்து துடிக்கின்றன. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எல்லா மரத்துக்குமா?"

"ஒண்ணு விடல. நபீசும்மாவக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயே திறக்கல, தலையில கைய வச்சு உக்காந்துட்டாங்க. பொறாமைதான், வேறென்ன!"

விஷம் அடித்திருந்தால் கத்தியிருக்கலாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அன்பாகச் செய்துவிட்டு நிற்கிறவரை என்ன செய்வது? அவளுக்கு அவர்மேல் வந்த வெறுப்பு அவளுக்கே பயமாக இருந்தது.

"கேக்குதா? காக்கா கூட்டம் கூட்டமா வருதுடி. கம்ப வச்சுக்கிட்டு மழையில நனைஞ்சு விரட்டிட்டிருக்கேன். உன் புழு ஒண்ணத் தொட விடமாட்டேன்."

"விரட்டாதீங்க சேட்டா," என்றாள் விலாசினி. "அதுங்களாவது தின்னட்டும்."